நூற்று முப்பதாம் பக்கம்

மருந்துக் கம்பெனியில் அவரைப் 'புள்ளி' என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருப்பார்களே ஒரு பொடி எழுத்துத் தாள், யாரும் பிரித்துக்கூடப் பார்க்காத அந்தத் தாளைக் கணினியில் பக்கமாக அமைப்பது அவருடைய வேலை. முப்பது வருஷமாக அதே வேலை. மெய்யெழுத்தின் தலையில் ஒரு புள்ளி குறைந்தாலும், வாக்கியத்தின் கடைசியில் ஒரு புள்ளி கூடினாலும் நாலடி தள்ளி நின்றே கண்டுபிடித்துவிடுவார். மேலாளர் கையெழுத்துப் போடுவதற்கு முன், "புள்ளி பார்த்தாச்சா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார். அதில் புள்ளிக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

அதனால் அக்கா புத்தகம் எழுதி முடித்தபோது, அதை அச்சுக்குத் தயார்செய்வது யார் என்ற பேச்சே எழவில்லை. அக்கா முப்பத்தெட்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் "வார்டைக் கட்டிக்கிட்டேன், அது போதாதா" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள். ஓய்வுக்குப் பிறகு யாரோ கொடுத்த பழைய மடிக்கணினியில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி இரண்டு வருஷத்தில் பதினான்கு அத்தியாயம் எழுதிவிட்டாள். இரண்டு பதிப்பகங்களுக்கு அனுப்பினாள். ஒன்று பதிலே போடவில்லை. இன்னொன்று, நினைவுக்குறிப்புகளை இப்போது எடுப்பதில்லை என்று இரண்டு வரி எழுதியது.

"நாமளே போட்டுக்கலாம்டா தம்பி" என்றாள் அக்கா. "ஃபைலை ஏத்திவிட்டா, கேக்கிற அளவுக்கு அச்சடிச்சுக் குடுக்கிறாங்களாமே. நீ அழகா கட்டிக் குடு, அது போதும்."

ஃபைலைத் திறந்து பார்த்த அன்று புள்ளி தலையில் கைவைத்துக்கொண்டார். ஒவ்வொரு பத்தியின் தொடக்கத்திலும் உள்ளே தள்ளுவதற்காக அக்கா இடைவெளிப் பொத்தானை ஏழு தடவை அழுத்தியிருந்தாள். சில இடத்தில் எட்டு. புது அத்தியாயம் புதுப் பக்கத்தில் வரவேண்டும் என்பதற்காக என்டர் பொத்தானைப் பதினைந்து, இருபது தடவை தட்டியிருந்தாள். மேற்கோள் குறிகள் நாலு தினுசு. எழுத்துரு மூன்று தினுசு. ஆனால் எழுத்து ஓடிற்று. ஒரு வார்டின் ஒரு நாள் காலை எப்படித் தொடங்கும் என்பதை அக்கா சொல்லியிருந்த விதத்தில், வேலையை மறந்து நாலு பக்கம் படித்துவிட்டுத்தான் அவர் நிமிர்ந்தார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தார். ஐந்தரைக்கு எட்டரை அங்குலம் என்று அளவு வைத்தார். தடிமனான புத்தகத்தை விரித்தால் உள்பக்க எழுத்து முதுகுக்குள் புதைந்துபோகும் என்பதால் உள் ஓரத்தைக் கொஞ்சம் தாராளமாக விட்டார். பக்கத்துக்கு முப்பது வரி. இரு ஓரமும் நேராக நிற்கும்படி வரிகளை இழுத்தால், நம் நீள நீளமான சொற்களுக்கு நடுவே ஓட்டைப்பல் மாதிரி இடைவெளி விழும். அதை ஒவ்வொரு வரியாகப் பார்த்துச் சரிசெய்தார். ஒரு பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்துக்குப் போய்த் தனியாக நிற்காமல் பார்த்துக்கொண்டார். அத்தியாயங்கள் எல்லாம் வலப்பக்கத்தில்தான் தொடங்கவேண்டும் என்று அக்கா கேட்டிருந்தாள். அதையும் செய்தார். மனைவி, "உங்க கம்பெனி மாத்திரைத் தாளுக்குக்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டீங்க" என்று கேலி செய்தாள். உண்மைதான்.

ஐந்தாவது ஞாயிறு பதினொன்றாவது அத்தியாயத்துக்கு வந்தார். அது நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றியது. நூற்று இருபத்தொன்றில் தொடங்கி நூற்று முப்பதோடு முடிந்திருக்கவேண்டும். மூன்று வரி வழிந்து நூற்று முப்பத்தொன்றில் போய் விழுந்தது. அந்த மூன்று வரிக்காக ஒரு பக்கம், அதன் பின்னால் ஒரு வெற்றுப் பக்கம். எங்கே மூன்று வரியைப் பிடிக்கலாம் என்று அத்தியாயத்தின் கடைசிப் பகுதியைப் படித்துக்கொண்டு வந்தார்.

'ஒரு மத்தியானம் ஒரு மகன் கண்ணாடிக் கதவு வரை வந்தான். கையில் மடித்த துண்டும் ஒரு சவரப் பெட்டியும். கட்டிலில் இருந்தவரைக் கதவு வழியாகப் பார்த்தான். உள்ளே வரவில்லை. சவரப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தான்.'

புள்ளிக்குக் காது இரண்டும் கொதித்தது.

அந்தச் சவரப் பெட்டி அப்பாவுடையது. அந்த மகன் புள்ளிதான். இருபத்தாறு வருஷத்துக்கு முந்திய கதை. அப்பா அக்காவின் வார்டில்தான் கிடந்தார். அவருக்குச் சவரம் செய்துவிடச் சொல்லி அம்மா அனுப்பியிருந்தாள். கதவு வழியாகப் பார்த்தால், ஆக்ஸிஜன் முகமூடிக்குள் வாய் பிளந்து, கன்னம் குழிந்து, புள்ளிக்குத் தெரிந்த அப்பாவே அங்கே இல்லை. கால் உள்ளே போகமாட்டேன் என்றது. வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனார். அம்மா ஆசையாக முகத்தைப் பார்த்தாள். வாயில் வந்ததைச் சொன்னார். சவரம் பண்ணிவிட்டேன், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை என்று சொன்னார் என்றார்.

மறுநாள் விடிவதற்குள் அப்பா போய்விட்டார். கடைசியாகப் பேசியது மகனிடம் என்று ஆகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா அந்த வார்த்தையைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் இருந்த பதினொரு வருஷமும் சொன்னாள். மனைவி அதைக் கேட்டுக்கொண்டுதான் இந்த வீட்டுக்கு வந்தாள். மகளுக்கும் தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது அதைத்தான் சொன்னாள். போகப் போகப் புள்ளிக்கே அப்பாவின் கை தன் கையில் இருந்தது போல ஒரு நினைவு வந்துவிட்டது. அக்கா மட்டும் அந்தப் பேச்சு வரும்போது ஒன்றும் சொல்லமாட்டாள். அக்காவுக்குத் தெரியாது என்றே அவர் நம்பியிருந்தார்.

அந்தப் பகுதி இரண்டு பத்தி, பத்தொன்பது வரி. முதல் பத்தியைத் தாண்டி அவரால் படிக்க முடியவில்லை. இரண்டாவது பத்தி 'நான்' என்று தொடங்குவது மட்டும் கண்ணில் பட்டது. மூன்று வரியை மீட்பதற்கு அவருக்கு ஐந்து வழி தெரியும். எழுத்துகளுக்கு நடுவே தலைமுடி அளவு நெருக்கினாலே போதும், ஒரு வார்த்தை போகாது. அது தெரிந்துகொண்டே, பத்தொன்பது வரியையும் தேர்ந்தெடுத்து அழித்தார். அத்தியாயம் நூற்று முப்பதாம் பக்கத்தின் நடுவில் பாந்தமாக முடிந்தது. வெற்றுப் பக்கம் மறைந்தது. பார்க்க நன்றாகவே இருந்தது. பக்கம் இடித்தது, அதனால் எடுத்தேன் என்று ஒரு பதிலையும் தயாராக வைத்துக்கொண்டார்.

அந்தப் பதிலை யாரும் கேட்கவில்லை. மாதிரிப் பிரதி வந்தது. அக்கா அதைப் பத்து நாள் வைத்திருந்து, பென்சிலால் பதினேழு திருத்தம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். புள்ளி வீட்டுக்கு வந்ததும் முதலில் நூற்று முப்பதாம் பக்கத்தைத்தான் புரட்டினார். ஒரு கீறல் இல்லை. தப்பித்தோம் என்று பெருமூச்சு வந்தது. அந்தப் பெருமூச்சே அவருக்கு அருவருப்பாக இருந்தது. பதினேழையும் திருத்தி, அறுபது பிரதிக்குச் சொல்லிவிட்டார்.

நூலகத்து மாடியில் ஒரு சனிக்கிழமை காலை சின்னதாக ஒரு கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, பிஸ்கட். வந்தவர்களில் பாதிப்பேர் அக்காவோடு வேலை பார்த்த நர்ஸுகள், மீதி அக்கம்பக்கம். பேசியவர்களில் ஒரு டாக்டர், புத்தகத்தை உயர்த்திக் காட்டி, சொந்தமாகப் போடும் புத்தகங்களில் இப்படி ஒரு பிழைகூட இல்லாமல் தான் பார்த்ததில்லை என்றும், அதற்கு ஆசிரியரின் தம்பியைப் பாராட்டவேண்டும் என்றும் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். புத்தகப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த புள்ளி, கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி பாதி செய்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். அக்காவிடம் வேலை கற்று, இப்போது அதே வார்டில் தலைமை நர்ஸாக இருப்பவள். விவரங்கள் சரிதானா என்று பார்க்கச் சொல்லி அக்கா அவளிடம் முன்பே எல்லா அத்தியாயத்தையும் கொடுத்திருந்தாளாம். அது புள்ளிக்குத் தெரியாது.

"சிஸ்டர், அந்தக் கதவுகிட்ட வந்துட்டுத் திரும்பிப் போற பையன் கதை எங்கே காணோம்? அதைப் படிச்சுட்டுத்தான் நான் அன்னிக்கு உங்களுக்கு போன் பண்ணி அழுதேன்."

புள்ளிக்கு அறையில் இருந்த அத்தனை பேரும் தன்னையே பார்ப்பது போல இருந்தது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை. அக்காகூடப் பார்க்கவில்லை.

"பக்கம் இடிச்சுதும்மா" என்றாள் அக்கா. "நான்தான் எடுத்துடச் சொன்னேன்."

அவர் தயாராக வைத்திருந்த அதே பொய். அதை அவருக்காக அக்கா சொன்னாள். அதுவும் தடுமாறாமல், சாதாரணமாக. புள்ளி பெட்டிக்குள் குனிந்து, ஒழுங்காகவே இருந்த புத்தகங்களை எடுத்து மறுபடி அடுக்கினார்.

எல்லோரும் போனபிறகு, மாடிக் கோடியிலிருந்த சின்னச் சமையலறையில் அக்கா டீ கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மனைவி கீழே நாற்காலிகளை எண்ணி ஒப்படைக்கப் போயிருந்தாள். புள்ளி ஒரு துணியை எடுத்துக் கழுவிய கப்புகளைத் துடைக்கத் தொடங்கினார். நாலு கப்பு துடைத்தபிறகுதான் வாய் திறந்தது.

"எப்போ தெரிஞ்சுதுக்கா?"

"மாதிரிப் புத்தகம் வந்த அன்னிக்கே. நூத்தி முப்பது வந்துச்சு, அதோட மூடி வெச்சுட்டேன். மூணு நாள் தொடலை."

"கேட்டிருக்கலாமே."

"கேட்டா ஒரு காரணம் சொல்லுவே. இன்னொரு பொய்யை உன் வாயால கேக்க எனக்குத் தெம்பு இல்லடா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும். அப்பாவைப் பற்றி அம்மாவிடம் சொன்னது எல்லாம் இட்டுக்கட்டியது என்று அவர் சொல்லத் தொடங்கினார். அக்கா ஈரக்கையை உயர்த்தி நிறுத்தினாள். அது தனக்குத் தெரியும் என்றாள். அம்மாவுக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது, அதனால் தான் குறுக்கே பேசவில்லை என்றாள். 

"உன்னைக் காட்டிக் குடுக்கத்தான் அதை எழுதினேன்னு நெனச்சுட்டியா?"

அவர் அடுத்த கப்பை எடுத்தார்.

"ரெண்டாவது பத்தியைப் படிச்சியா?"

"படிக்கலைக்கா."

அக்கா குழாயை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "ஒரு புள்ளி விடாம பாக்கிறவன் நீ. படிக்காம எப்படிடா எடுத்தே?"

அந்தப் பத்தியில் இருந்ததை அக்காவே சொன்னாள். அந்த மத்தியானம் அவள் கையில் ஒரு கிண்ணத்தோடு கதவுக்கு உள்பக்கம் பத்தடியில் நின்றிருந்தாள். தம்பி வந்ததைப் பார்த்தாள். திரும்புவதையும் பார்த்தாள். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், அவன் உள்ளே வந்திருப்பான். ஆனால் பதினாறு நாளாக அப்பாவைத் தான் ஒருத்தியாகவே தூக்கித் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆத்திரம் அவளுக்குள் இருந்தது. போகட்டும், பின்னால் உறைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"பயந்து நிக்கிற பிள்ளைங்க எத்தனை பேரைக் கையைப் பிடிச்சு உள்ளே கூட்டிட்டுப் போயிருக்கேன். அது என் வேலை. உன்னை மட்டும் விட்டுட்டேன். அதைச் சொல்லத்தான்டா இந்தப் புத்தகத்தையே எழுத உக்காந்தேன். மத்த பதிமூணு அத்தியாயமும் அதுக்குத் தைரியம் வர்றதுக்காக எழுதினது."

புள்ளியின் கையில் இருந்த கப்பு எப்போதோ காய்ந்துவிட்டது. அதையே துடைத்துக்கொண்டிருந்தார். தன் வெட்கத்தை மறைப்பதற்காக அக்காவின் வாயிலிருந்த சொல்லைப் பிடுங்கிப் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. இருபத்தாறு வருஷமாகத் தான் ஒருவர்தான் அந்தக் கதவருகே நிற்கிறோம் என்று நினைத்திருந்தார்.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முழுதும் கேட்டாள். "அப்போ அந்த வார்த்தை?" என்றாள். "நான் சொன்னது" என்றார். மீதித் துணிகளையும் மடித்து முடித்து எழுந்து போனாள். இரண்டு நாள் வேண்டிய அளவுக்கு மட்டும் பேசினாள். மூன்றாம் நாள், மகளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் முடியாது என்றாள். அவர் வெளியூரில் இருந்த மகளுக்கு போன் செய்து சொன்னார். மகள் திட்டவில்லை, அப்பா, அப்போது உங்களுக்கு என்ன வயது என்று கேட்டாள். இருபத்து நாலு என்றார். தனக்கும் அடுத்த மாதம் இருபத்து நாலு என்றாள். 

பழைய ஃபைலைத் திறந்து பத்தொன்பது வரியையும் இருந்த இடத்தில் வைத்தார். மூன்று வரி மறுபடி வழிந்தது. எழுத்தை நெருக்கவில்லை. வழிகிறபடியே விட்டார். பின்னால் வரும் பக்க எண்கள் எல்லாம் இரண்டிரண்டு தள்ளின, பொருளடக்கத்தைத் திருத்தினார். புத்தகத்தின் முதுகு ஒரு தாள் கனத்துக்குத் தடித்ததால் அட்டையையும் புதிதாகச் செய்தார். இனி கேட்பவர்களுக்கு முழுப் புத்தகம் கிடைக்கும். ஆனால் கூட்டத்தன்று கைமாறிய நாற்பத்தொரு பிரதிகள் வெளியே இருந்தன.

அதற்கு அவர் ஒரு வேலை செய்தார். பத்தொன்பது வரியையும் புத்தகத்தின் அதே அளவில், அதே எழுத்தில், ஒற்றைத் தாளாக அச்சடித்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகக் கிளம்பினார். அக்கா அப்படிச் செய்யச் சொல்லவில்லை. தடுக்கவும் இல்லை.

முதல் வீட்டில், "ஒரு பகுதி விட்டுப்போச்சு" என்று சொல்லித் தாளை நீட்டினார். அவர்கள் வாங்கிக்கொண்டு, வெயிலில் இதற்காகவா வந்தீர்கள் என்று தண்ணீர் கொடுத்தார்கள்.  இரண்டாவது வீட்டிலும் அதையே சொன்னார். மூன்றாவது அந்த டாக்டர் வீடு. பிழையே இல்லை என்று சொன்னேனே என்று அவர் சிரித்தார்.

"இது பிழை இல்லீங்க டாக்டர். நான் வேணும்னு எடுத்தேன். அந்தப் பையன் நான்தான்."

டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தாளைப் படித்தார். படித்து முடித்து, அதைப் புத்தகத்துக்குள் வைத்தார். உள்ளே வாருங்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. புள்ளி வணக்கம் சொல்லிவிட்டு இறங்கினார்.  அங்கிருந்து நேராக முதல் இரண்டு வீட்டுக்கும் திரும்பிப் போய், முன்பு சொன்னது சரியில்லை என்று சொல்லி, சரியாகச் சொல்லிவிட்டு வந்தார்.

நாலு வாரம் ஆயிற்று. சிலர் ஆறுதல் சொன்னார்கள். அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அம்மா வாயால் அந்த வார்த்தையைக் கேட்டிருந்த ஒருவர் முகத்துக்கு நேராகவே, பெற்ற அம்மாவிடம் அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது என்று கேட்டார். பக்கத்துத் தெருக்காரர் ஒருவர் இன்னும் புத்தகத்தைப் பிரிக்கவே இல்லை. தாளை வாங்கி மேசையில் போட்டுவிட்டு மழை வருமா வராதா என்று பேசினார். தலைமை நர்ஸ் வார்டு வாசலுக்கே வந்து தாளை வாங்கிக்கொண்டாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பசை எடுத்து ஒட்டிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

முப்பத்தொன்பது தாள் சேர்ந்துவிட்டது. அக்காவோடு வேலை பார்த்த இரண்டு பேர் வீடு மாறிப் போய்விட்டார்கள், விலாசம் கிடைக்கவில்லை. அதைச் சொல்ல ஒரு ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனார். அக்கா சாப்பாடு எடுத்து வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே, இத்தனை நாளாகக் கேட்க அஞ்சியிருந்ததைக் கேட்டார். அன்று அப்பா ஏதாவது சொன்னாரா?

அக்கா அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"சாயங்காலம் ரெண்டு தடவை உன் பேரைச் சொன்னார்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. பேரை மட்டும்தான்."

புள்ளி தலைநிமிராமல் சாப்பிட்டார். அந்த இரண்டு பேருக்கும் ஆஸ்பத்திரி விலாசத்துக்கே தபாலில் போட்டுப் பார்க்கலாம், அங்கே யாராவது தெரிந்தவர்கள் சேர்த்துவிடுவார்கள் என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சரி என்றார்.